செதுக்குத் தொழிலாளி படித்த பிரளயம்



1872 டிசம்பர் 3 அன்று லண்டனில், விவிலியத் தொல்லியல் கழகத்தின் கூட்டத்தில் பிரதமர் கிளாட்ஸ்டனும் வந்து அமர்ந்திருந்தார். பேச எழுந்த ஜார்ஜ் ஸ்மித்துக்கு வயது 32. கல்லூரி வாசலை மிதிக்காதவர். 14 வயதிலேயே பணநோட்டு அச்சிடும் தகடு செதுக்கப் பழகப் போனவர். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு ஓடி, களிமண் பலகைகளில் பதிந்த பழைய ஆப்பெழுத்தைத் தாமே கற்றுக்கொண்டார். மயிரிழைக் கோடுகளில் பழகிய அந்தக் கண், நினிவே நகரின் உடைந்த களிமண் பலகைகளில் எந்தத் துண்டு எதோடு சேரும் என்று கண்டது. அருங்காட்சியகமே அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டது.

அன்று அவர் படித்துக் காட்டியது நினிவேயை ஆண்ட அசுர்பானிபால் மன்னனின் நூலகத்திலிருந்து கிடைத்த பலகை. பெருவெள்ளம் வருகிறது, தெய்வம் ஒன்று முன்கூட்டியே சொல்ல, ஒரு மனிதன் கப்பல் கட்டுகிறான், கப்பல் மலையில் தட்டி நிற்கிறது, அவன் புறாவை விடுகிறான், அது திரும்பி வருகிறது, தகைவிலானும் திரும்புகிறது, காகம் திரும்பவில்லை. விவிலியத்தில் வரும் நோவாவின் கதையைத் தாலாட்டோடு கேட்டு வளர்ந்த அவை எப்படித் திகைத்திருக்கும்!

விவிலியத்துக்குச் சாட்சி கிடைத்தது என்று சிலர் மகிழ்ந்தனர். விவிலியமே இரவல் என்று வேறு சிலர் வாதிட்டனர். இரு தரப்பும் ஒற்றுமையை மட்டுமே பார்த்தன. வேற்றுமையில்தான் விஷயம் இருக்கிறது. இதே வெள்ளக் கதையைச் சொல்லும் பாபிலோனியக் காவியமான அத்ரகாசிஸில், மனிதர் போடும் இரைச்சலில் தூக்கம் கெட்ட தெய்வம் வெள்ளத்தை ஏவுகிறது. விவிலியத்தின் ஆதியாகமத்தில் மனிதரின் கொடுமை கண்டு கடவுள் மனம் நோகிறார். வெள்ளம் ஒன்று, அதைக் கொண்டு எழுப்பிய அறக்கேள்விகள் வேறு. ஒரு மதம் பழங்கதையை வாங்கித் தன் மனசாட்சியால் திருத்தி எழுதியதை இங்கே கண்ணெதிரே காண்கிறோம். இதனால் நம்பிக்கைக்கு இழுக்கில்லை என்பதே என் துணிபு.

ஸ்மித்தின் பேச்சைக் கேட்டு, டெய்லி டெலிகிராப் நாளிதழ் ஆயிரம் கினி கொடுத்து அவரை நினிவேக்கு அனுப்பியது. அகழத் தொடங்கிய ஒரு வாரத்திலேயே பிரளயக் கதையின் இன்னொரு துண்டு கிடைத்தது. மூன்றாம் பயணத்தில் நோயுற்று, 1876இல் அலெப்போவில் இறந்தார். வயது 36.

தேடல் அவரோடு முடியவில்லை. அதே பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் அறிஞர் இர்விங் பிங்கெல் 2014இல் வெளியிட்ட நூலில், சுமார் 3,700 ஆண்டுப் பழமையான பலகை ஒன்று அந்தக் கப்பலை வட்டமாக, நம் பரிசலைப் போல, கட்டச் சொல்வதை விளக்கினார். அந்த அளவுக்குறிப்புகளை வைத்துச் சிறிய மாதிரி ஒன்றைக் கேரளத்தில் கட்டி மிதக்கவும் விட்டார்கள்.

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் மட்டும் சுமார் 1,30,000 பலகைகளும் துண்டுகளும் இருக்கின்றன. படிக்கத் தெரிந்தவர்களோ மிகச் சிலர். பல பலகைகளின் படங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இந்த அரங்கில் இருக்கும் மாணவர்களில் ஒருவராவது இந்தப் பலகைகளின் அக்காடிய மொழியைக் கற்க முன்வாருங்கள், பெற்றோர்களே, தடுக்காதீர்கள்.