பாட்டுத் திருட்டும் கணினிச் சாட்சியமும்

சங்கீத ரசிகர்களுள் கே. வி. நாராயணசுவாமியை அறியாதார் இலர். அப்பெயரின் முதலெழுத்துக் குறிப்பது நம் பாலக்காட்டுச் சீமையின் கொல்லங்கோட்டையே. அவர் பாடிய கீர்த்தனை ஒன்றின் ஒலிப்பதிவை உரிமையில்லாத ஒருவர் இணையத்தில் ஏற்றிப் பரப்புவதாக வைத்துக்கொள்வோம். உரிமையாளர் வழக்குத் தொடுக்கிறார். ஏற்றியவர் இன்னார் என்று மெய்ப்பிப்பது எங்ஙனம்?

முதலில் அகப்படுவது ஐ.பி. எண். அது இணைப்பின் எண்ணேயன்றி ஆளின் எண்ணன்று. ஒரு வீட்டு இணைப்பை மாமனாரும் மருமகளும் மாடியில் குடியிருப்பவரும் பயன்படுத்தக்கூடும். கைப்பேசி நிறுவனங்களோ ஒரே எண்ணை ஒரே வேளையில் பலருக்குப் பகிர்ந்தளிக்கின்றன. அவர்களைப் பிரித்தறியப் போர்ட் எண்ணும் நொடி பிசகாத நேரமும் வேண்டும். நேரத்திலும் ஒரு தொல்லை உண்டு. கணினிகள் பல, உலகப் பொது நேரத்தையே குறித்துவைக்கின்றன. நம் நேரம் அதனினும் ஐந்தரை மணி முந்தியது. இதை மறந்தால் குற்றம் வேறொரு வீட்டுக் கதவைத் தட்டும்! 2005ஆம் ஆண்டில் அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்கள் பாட்டுத் திருட்டுக்காக மூதாட்டி ஒருவர்மீது வழக்குத் தொடுத்தன. அவரோ அதற்கு முன்னரே காலமாகியிருந்தார்.

ஆள் அகப்பட்டாலும், நீதிமன்றத்தில் வைக்கும் பிரதி நம்பத்தக்கதா என்ற வினா எழுகிறது. இதற்கு விடையளித்தது மலப்புறம் மாவட்டத்து ஏறநாடு தொகுதியின் 2011ஆம் ஆண்டுத் தேர்தல் வழக்கு. பிரசாரப் பாட்டுகளையும் பேச்சுகளையும் பதிவு செய்து, கணினியில் ஏற்றி, அதிலிருந்து எடுத்த குறுந்தகடுகளைச் சான்றாக வைத்தனர். சட்டம் கேட்கும் சான்றிதழ் இன்மையால் அவை செல்லா என்று 2014 செப்டம்பர் 18ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாட்டு ஒலித்த மூலத் தகட்டையே கொணர்ந்திருந்தால் நிலை வேறு என்றும் கூறிற்று. 2020இல் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு இக்கருத்தை உறுதி செய்தது.

2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய சாட்சியச் சட்டம், அச்சான்றிதழில் கோப்பின் ஹாஷ் மதிப்பையும் கேட்கிறது. இதனைக் கோப்பின் கைரேகை எனலாம். பாட்டில் ஓர் அணுவளவு மாறினும் மதிப்பு மாறிவிடும். ஆயினும் அது கோப்பின் கைரேகையே; ஏற்றியவரின் கைரேகை அன்று. அமெரிக்காவில் 2007இல் 24 பாட்டுகளுக்காக 2,22,000 டாலர் விதிக்கப்பட்ட வழக்கில், ஐ.பி. எண்ணோடு வேறொன்றும் சான்றாக வைக்கப்பட்டது: பிரதிவாதியான பெண்மணி தம் பிற கணக்குகளிலும் பல்லாண்டுகள் வழங்கிவந்த புனைபெயரே அது.