பானெட்டுக்கு அடியில் ஒரு மெத்தை

(நம் குடியிருப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். படித்தது பி.காம். காருக்கும் எனக்கும் இருந்த சம்பந்தமெல்லாம் கார் லோன் ஃபைலோடு சரி. அப்படிப்பட்டவன் இன்று பழைய ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். காரணம் கடைசியில் புரியும். நம் பேஸ்மென்ட்டில்தான் இந்தப் பேச்சு முடியப் போகிறது.

போன கோடையில் கலிபோர்னியாவில் மகள் வீட்டில் இருந்தோம். மாப்பிள்ளையிடம் 1987ஆம் வருடத்து மெர்சிடிஸ் 560 எஸ்.எல். ஒன்று இருக்கிறது. இரண்டு பேர் உட்காரும் திறந்த கார், வி-8 எஞ்சின். இந்த வரிசைக் கார்கள் 1971 முதல் 1989 வரை, 18 வருடம் வந்தன. இரண்டு லட்சத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள். மகளுக்கு அது பணத்தை விழுங்கும் பூதம். மாப்பிள்ளைக்கு அது இன்னொரு குழந்தை. நான் நடுவில் மாட்டிக்கொண்ட மாமனார்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் சொன்னார்: "மாமா, நாளைக்கு ஹூட் இன்சுலேஷன் மாத்தப் போறேன். ஒரு கை பிடிக்கணும்." நமக்கு ஹூட் என்றால் ஆட்டோவின் மேல்கூரை. துணிக் கூரையைத்தான் சொல்கிறார் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டேன். அங்கே ஹூட் என்றால் நாம் சொல்லும் பானெட். அதன் உள்பக்கத்தில் மெத்தை மாதிரி ஒன்றை ஒட்டியிருப்பார்கள். எஞ்சினின் சத்தத்தைக் குறைக்கும், சூடு நேரே ஏறிப் பானெட்டின் பெயின்ட் கெடாமல் காக்கும். அதைத்தான் மாற்ற வேண்டும்.

பானெட்டைத் திறந்து பார்த்தேன். விரலால் தொட்டால் கறுப்புப் பொடியாக உதிர்கிறது. அது ஃபோம்தானே, எஞ்சின் சூட்டிலும் ஈரத்திலும் முப்பது வருடம் கிடந்தால் எந்த ஃபோமும் மக்கிப் போகும். யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அப்படியே விடவும் முடியாது. துகள்கள் எஞ்சின் மேலெல்லாம் விழும், பெல்ட்டில் சிக்கும். ஏர் ஃபில்டர் மூடியைத் திறக்கும்போது உள்ளே போய்விட்டால் செலவு வேறு கணக்கில் போகும்.

வேலையை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் பாட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றினார். எஞ்சின் முழுவதையும் பழைய பெட்ஷீட்டால் மூடினோம். இருவரும் மாஸ்க், கண்ணாடி. பிறகு பிளாஸ்டிக் கரண்டி போன்ற ஒன்றால் பழைய ஃபோமைச் சுரண்டினோம். இரும்பால் சுரண்டினால் பெயின்ட்டில் கீறல் விழுந்து, அங்கே துரு பிடிக்கும். ஃபோம் அரை மணியில் வந்துவிட்டது. அதன் அடியில் இருந்த பழைய பசைதான் மதியம் வரை உயிரை வாங்கியது. பசை நீக்கும் திரவத்தை முதலில் ஒரு மூலையில் தடவி, பெயின்ட் இளகவில்லை என்று பார்த்த பிறகே மற்ற இடத்தில் தடவினோம். கொஞ்சம் ஊறவிட்டு, துடைத்து, மறுபடி ஊறவிட்டு... மாதக் கடைசியில் பாலன்ஸ் டாலி ஆகாத லெட்ஜர் மாதிரிதான். பொறுமை இருந்தால் வரும்.

புது மெத்தை சுருட்டி வந்திருந்தது. அதை வெயிலில் விரித்துப் போட்டு, பசை இல்லாமல் ஒருமுறை பானெட்டில் வைத்துப் பார்த்தோம். சாதாரணப் பசை எஞ்சின் சூட்டில் இளகி, மெத்தை தொங்கிவிடும். சூடு தாங்கும் கான்டாக்ட் பசை வேண்டும். நம் ஊர்த் தச்சர்கள் மைக்கா ஒட்டுகிறார்களே, அந்த இனம். இரண்டு பக்கமும் பூசி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து, பிறகு சேர்க்க வேண்டும். சேர்த்தால் சேர்த்ததுதான். அடித்துத் திருத்தி இனிஷியல் போடும் வசதியெல்லாம் கிடையாது. அதனால் பாதி பாதியாக ஒட்ட வேண்டும்.

மாப்பிள்ளை பசை ஸ்ப்ரே டின்னைக் குலுக்கிக்கொண்டிருந்தார். கராஜ் கதவு முக்கால்வாசி இறக்கியிருந்தது. வெயில் உள்ளே வரக்கூடாது என்று. அப்போது மூலையிலிருந்து "பக்"கென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தேன். ஆள் உயர உருளை ஒன்று, அதன் அடியில் இருந்த இடுக்கில் நீலமாக நெருப்பு.

"மாப்பிள்ளை, அது என்ன?"

"வாட்டர் ஹீட்டர், மாமா. உள்ளே பாப்பா குளிக்கிறா. வெந்நீர் எடுத்தா பர்னர் தானா பத்திக்கும்."

"நீங்க கையில வெச்சிருக்கிறது?"

டின்னைத் திருப்பிப் பார்த்தார். தீப்பிழம்புப் படம் போட்டு எச்சரிக்கை இருந்தது. ஆனாலும் விடவில்லை. "அதுக்குத்தான் மாமா ஹீட்டரை ஒன்றரை அடி உயர மேடையில வெச்சிருக்காங்க. பெட்ரோல் ஆவி காத்தைவிட கனம், தரையோடதான் போகும்" என்றார். அவர் சொன்னது சரிதான். அங்கே கராஜுக்கு அப்படி ஒரு விதியே உண்டு. ஆனால் நான் கேட்டது ஒன்றுதான்: "நீங்க அடிக்கப் போறது தரையிலயா, நாலடி உயரத்திலயா?"

அவர் ஒன்றும் பேசவில்லை. டின்னைக் கீழே வைத்தார். முழுக் கதவையும் தூக்கினார். இருவரும் காரை வெளியே வாசல் பாதைக்குத் தள்ளினோம். வேலை அங்கே முடிந்தது, அழகாகவே முடிந்தது. பானெட்டை இரவெல்லாம் திறந்தே வைத்துக் காயவிட்டோம். மறுநாள் என்னை முன்சீட்டில் உட்காரவைத்து ஊரைச் சுற்றிக் காட்டினார். இரவு சாப்பிடும்போது மகளிடம், "உங்க அப்பா நேத்து வேலையை நிறுத்தலைன்னா..." என்று ஆரம்பித்து, பாப்பாவைப் பார்த்துவிட்டு வாக்கியத்தை முடிக்கவில்லை. கராஜ் சுவருக்கு அந்தப் பக்கம்தான் குளியலறை.

எனக்குக் கார் தெரியாது. ஆனால் தெரியாதவன் கேட்கும் கேள்விக்கு ஒரு மதிப்பு உண்டு என்று அன்று தெரிந்துகொண்டேன். கவுன்டரில் ஒருவர் எண்ணிய பணத்தை இன்னொருவரும் எண்ணுவார். முதல் ஆளைச் சந்தேகப்பட்டு அல்ல. பழகிய கண்ணுக்குப் பழகிய பொருள் தெரியாது என்பதால்.

இப்போது நம் பேஸ்மென்ட்டுக்கு வருவோம். போன வாரம் ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் ஒரு தச்சர் அலமாரிப் பலகைகளுக்கு மைக்கா ஒட்டிக்கொண்டிருந்தார். திறந்த பசை டப்பா, பக்கத்திலேயே தின்னர். எந்த வீட்டு வேலை என்று சொல்ல மாட்டேன். நாளை அது என் வீடாகவும் இருக்கலாம். அந்த ஆவி தாழ்வான இடத்தில்தான் தங்கும். பேஸ்மென்ட்டைவிடத் தாழ்வான இடம் நம் கட்டடத்தில் கிடையாது. காற்றும் அங்கே ஓடாது. கரன்ட் போனால் ஜெனரேட்டர் தானாக ஓடத் தொடங்கும், யாரையும் கேட்காது. அந்த வாட்டர் ஹீட்டரும் யாரையும் கேட்கவில்லை.

ஆகவே சங்கத்திடம் மூன்று வேண்டுகோள். பசை, வார்னிஷ், தின்னர் வேலை எதுவும் பேஸ்மென்ட்டில் கூடாது. மொட்டை மாடியிலோ திறந்த வெளியிலோ செய்யட்டும். உள்ளே வரும் வேலையாட்களிடம் வாட்ச்மேன் இதைச் சொல்லி, ரிஜிஸ்டரில் எழுதட்டும். மூன்றாவது, வண்டியை வாரக்கணக்கில் எடுக்காதவர்கள் பானெட்டை ஒருமுறை திறந்து பாருங்கள். நம் எலிகளுக்கு அந்த மெத்தை பிரசவ ஆஸ்பத்திரி. பிய்த்துக் கூடு கட்டி, கூடவே ஒயரையும் கடித்துவைக்கும்.

மாப்பிள்ளை இப்போதும் வாரம் ஒருமுறை போன் செய்கிறார். அடுத்து பெட்ரோல் ஹோஸ் மாற்றப் போகிறாராம். "எங்கே வெச்சு?" என்று கேட்டேன். "வெளியிலதான் மாமா" என்றார்.

காபி ஆறுவதற்குள் முடித்துவிட்டேன் என்று நம்புகிறேன்.