லண்டனில் ஜோடு தைத்த தாமஸ் ஹார்டி

(தொழிலாளர் படிப்பு வட்டத்தில் ஆற்றிய உரை)

ராஜாக்களின் பெயர்களையும், அவர்கள் ஜெயித்த யுத்தங்களையும் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோம். அந்த ராஜாக்களுக்கு ஜோடு தைத்தவன் யார் என்று எந்தப் பாடப் புத்தகமும் சொல்லவில்லை. ஜோடு தைத்தே வாழ்ந்து, ஒரு ராஜாங்கத்தையே கலங்க வைத்த ஒரு தொழிலாளியைப் பற்றி இன்று பேசுகிறேன்.

அவர் பெயர் தாமஸ் ஹார்டி. 1752ல் ஸ்காட்லாந்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தகப்பனார் இறந்துவிட்டார். பாட்டனார்தான் தொழிலைக் கற்றுக் கொடுத்தார். 1774ல் பிழைப்புத் தேடி லண்டன் வந்த ஹார்டி, பிறரிடம் கூலிக்கு உழைத்து, 1791ல் பிக்கடில்லி வீதியில் சொந்தக் கடை வைத்தார்.

அன்று தையல் மெஷின் கிடையாது. காலை அளவெடுத்து, மரக்கட்டை அச்சின் மேல் தோலை இழுத்துப் பிடித்து, குத்தூசியால் துளை போட்டு, மெழுகு பூசிய நூலால் ஒவ்வொரு தையலாக இறுக்க வேண்டும். ஒரு தையல் தளர்ந்தாலும் மழையில் அடித்தோல் வாயைப் பிளக்கும். கை ஓயாது, ஆனால் காது சும்மா இருக்கும். ஆகவே பட்டறையில் ஒருவர் பத்திரிகை படிக்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டே தைப்பார்கள். ஜோடு தைப்பவர்கள் அரசியல் பேசுவதில் ஐரோப்பா முழுவதும் பேர் போனவர்கள்.

அவர்கள் பேசியது என்ன? ஓல்டு சாரம் என்ற இடத்தில் குடியிருப்பவர் யாருமில்லை. அதற்குப் பாராளுமன்றத்தில் இரண்டு பிரதிநிதிகள்! பஞ்சாலைகள் பெருகிய மான்செஸ்டருக்கு ஒருவர்கூட இல்லை. இது என்ன நியாயம்?

1792 ஜனவரியில், லண்டனில் ஒரு சாராயக் கடையில் ஒன்பது பேர் கூடினார்கள். 'லண்டன் கடிதத் தொடர்புச் சங்கம்' பிறந்தது. வாரச் சந்தா ஒரு பென்னி. காரியதரிசி ஹார்டி. முதல் விதி என்ன தெரியுமா? அங்கத்தினர் தொகைக்கு வரம்பில்லை என்பதே! அரசியல் என்பது சொத்துள்ள சிலரின் சொந்த விவகாரம் என்றிருந்த காலத்தில், இந்த ஒரு விதி கதவை அகலத் திறந்துவிட்டது. ஆடவர் அனைவருக்கும் வோட்டு, ஆண்டுதோறும் தேர்தல் என்று சங்கம் முழங்கியது. அடிமையாக விற்கப்பட்டுத் தன்னைத்தானே மீட்டுக்கொண்ட ஆப்பிரிக்கர் ஒலாடா ஈக்வியானோ, ஹார்டியின் வீட்டிலேயே தங்கியிருந்தார். கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் உரிமை ஒன்றே என்று ஹார்டி கடிதம் எழுதினார்.

ஆளும் வர்க்கம் பொறுக்குமா? 1794 மே 12ந் தேதி ஹார்டியைக் கைது செய்து, கடிதங்களை அள்ளிச் சென்றார்கள். குற்றச்சாட்டு ராஜத்துரோகம், தண்டனை மரணம். ஜூன் மாதம், கடற்படை வெற்றியைக் கொண்டாடிய கும்பல் ஒன்று அவர் வீட்டைத் தாக்கியது. கர்ப்பிணியான மனைவி லிடியா பின்புறச் சிறு ஜன்னல் வழியே தப்பினார், காயப்பட்டார். ஆகஸ்டில் பிரசவத்தில் இறந்தார். குழந்தையும் பிழைக்கவில்லை.

அக்டோபர் 28ல் விசாரணை தொடங்கியது. நவம்பர் 5ல் ஜூரர்கள் 'குற்றவாளி அல்ல' என்றார்கள். ஜனங்கள் அவரை வண்டியில் ஏற்றித் தாங்களே இழுத்துச் சென்றார்கள். மனைவியைப் புதைத்த இடத்திற்கும் ஹார்டி சென்றார்.

கடை போயிற்று, நண்பர்கள் உதவியால் மறுபடி குத்தூசியைப் பிடித்தார். 1799ல் சர்க்கார் அந்தச் சங்கத்தைப் பெயர் சொல்லித் தடை செய்தது. அதே ஆண்டில் தொழிற்சங்கங்களுக்கும் தடை வந்தது. 1832ல் நிறைவேறிய சீர்திருத்தச் சட்டமும் சொத்துள்ளவனுக்கே வோட்டளித்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஹார்டி காலமானார்.

அவர் சோஷலிஸ்ட் அல்ல. அவர் சங்கம் கேட்ட வோட்டில் பெண்களுக்கு இடமில்லை. லிடியா தந்த விலையை நினைத்தால் இந்தக் குறை எவ்வளவு பெரிது! அதையும் மறைக்காமல்தான் அவரை நினைக்க வேண்டும்.

தோழர்களே! நிரந்தரத் தொழிலாளியின் சங்கத்தில் காண்டிராக்ட் கூலிக்கு இடமில்லை என்று எவராவது சொன்னால், நடவு நடும் பெண்ணுக்குக் கமிட்டியில் என்ன வேலை என்று கேட்டால், அந்த முதல் விதியைச் சொல்லுங்கள். வரம்பு வைத்த சங்கம் தளர்ந்த தையல். முதல் மழைக்கே பிரிந்துவிடும். ஒருவரையும் வெளியே நிறுத்தாதீர்கள்!