அசுகா: மாணவர் நடந்து காணும் பழந்தலைநகர்



சப்பானியப் பள்ளிகளில் 'என்சோகு' என்றொரு வழக்கம் உண்டு. 'தொலைவு', 'கால்' என்னும் பொருள்தரும் இரண்டு எழுத்துகளால் ஆனது அச்சொல். காலையில் கட்டுச்சோற்றுடன் புறப்பட்டு மாலையில் வீடு திரும்பும் ஒருநாள் பயணத்தை அது குறிக்கும். 1886ஆம் ஆண்டு தோக்கியோ ஆசிரியர் பயிற்சிப் பள்ளி மாணவர், படைப்பயிற்சியையும் இயற்கை ஆய்வையும் இணைத்துச் சோசி என்னும் கடற்கரை ஊர்வரை 11 நாள் நடந்து சென்றனர். பள்ளிப் பயணங்களின் தொடக்கமாக அதனையே கூறுவர். பின்னாளில் படைப்பயிற்சி நீங்கிற்று, நடை நிலைத்தது.

அவ்வாறு மாணவர் நாடிச்செல்லும் இடங்களுள் நாரா மாவட்டத்து அசுகா என்னும் சிற்றூர் தனித்தன்மை உடையது. பரப்பு 24 சதுர கிலோமீட்டர் மட்டுமே. ஆறாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 694 வரை, சில இடைவெளிகள் நீங்கலாக, அரசின் இருக்கை இவ்வூரிலேயே இருந்தது. இன்று தொடர்வண்டியை விட்டு இறங்கும் மாணவர் கண்ணில் முதலில் படுவன நெல்வயல்களும் ஓட்டுவீடுகளும்தாம். அரண்மனை எங்கே என்று அவர்கள் கேட்டால், வயலைத்தான் சுட்டிக்காட்ட வேண்டியிருக்கும்.

மேலே எழுந்து நிற்பவை சிலவே. இசிபுதாய் என்னும் கல்லறை, மூடியிருந்த மண் முழுதும் அகன்று, பாறைகள் மட்டும் வானம் பார்க்க நிற்பது. கூரைக்கல் ஒன்றின் எடை மட்டும் 70 டன்னுக்கு மேல். 626இல் மறைந்த சோகா நோ உமாகோ என்னும் பேரமைச்சருடையது அது என்பது பலர் கருத்து. மாணவர் உள்ளறைக்குள் இறங்கி நின்று அண்ணாந்து பார்ப்பர். பின் வெளியே புல்வெளியில் கட்டுச்சோறு பிரிப்பர். அவ்வமைச்சர் எழுப்பிய அசுகாதேரா கோயில் வயல்களுக்கு அப்பால் உள்ளது. அதனைக் கட்டக் கொரியாவின் பெக்சே அரசு தச்சரையும் ஓடு செய்வோரையும் அனுப்பியது. அங்குள்ள வெண்கலப் புத்தர் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வார்க்கப்பட்டவர். 1196இல் தீயில் சிதைந்து, பின் ஒட்டிச் செப்பனிடப்பட்டவர். முகத்தில் அந்தத் தழும்புகள் இன்றும் தெரிகின்றன. தழும்பில்லாத ஒரு புத்தரைவிட இவர் மாணவர்க்கு மிகுதியாகச் சொல்லக்கூடும்.

எனினும் அசுகாவின் பெரும்பாடம் தகாமாட்சுசூகாவில் உள்ளது. இஞ்சியைச் சேமித்து வைக்கக் குழி தோண்டிய உழவர் ஒருவர், செதுக்கிய பழங்கல் ஒன்றைக் கண்டார். பத்தாண்டளவு கழிந்து, 1972 மார்ச்சில், அம்மேட்டினை அகழ்ந்தனர். மண் வெட்டியவருள் பல்கலைக்கழக மாணவரும் இருந்தனர். திருடர் முன்பே இட்டிருந்த துளை வழியே ஒளி பாய்ச்சியபோது, வண்ண ஆடை அணிந்த மகளிர், ஆடவர், நீலநாகம், வெண்புலி, கூரையில் விண்மீன்கள் ஆகியவை சுமார் 1,300 ஆண்டு இருளிலிருந்து வெளிப்பட்டன. நாடே வியந்தது, 1974இல் அவ்வோவியங்கள் தேசியச் செல்வமாயின.

அதன்பின் நிகழ்ந்ததே வருந்தத்தக்கது. இருளும் ஈரமும் மாறாதிருக்கக் காற்றைச் சீராக்கும் பொறிகள் அமைத்தும், உள்ளே பூஞ்சை படர்ந்தது. பதின்மூன்று நூற்றாண்டு தாங்கிய வெண்புலி, கண்டெடுத்த முப்பதாண்டிற்குள் மங்கிவிட்டது. 2004இல் அச்செய்தி வெளிப்பட்டபோது மக்கள் அதிர்ந்தனர். 2007இல் கல்லறையையே பிரித்து, 16 கற்களையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தனர். செப்பனிடும் பணி 2020இல்தான் முடிந்தது. கற்கள் மீண்டும் மேட்டிற்குள் செல்லவில்லை. காண வேண்டும் என்னும் ஆவலே காணப்படுவதைத் தின்னக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது. ஆகவே அங்கு வரும் மாணவர் காண்பது புல் போர்த்திய மேட்டினையும், அருகே ஒரு கூடத்தில் உள்ள படிகளையுமே. படி என்றறிந்ததும் சிலர் முகம் வாடும். மூலத்தைக் கண்ணாடி வழியே காண ஆண்டில் சில நாள்களே வாய்ப்புண்டு.

இதனால் பாதுகாப்பு என்பது கல்லறையோடு நின்றுவிடுவதில்லை. 1980இல் இயற்றிய தனிச்சட்டம் ஊர் முழுவதையும் காப்புப் பகுதியாக்கியது. வீடு கட்டவும், இடிக்கவும், கூரை மாற்றவும், மரம் வெட்டவும் கட்டுப்பாடு உண்டு. அரசு ஈடாக நிதி தருகிறது. ஆயினும் ஊரார் சுமையை அது முழுதும் ஈடுசெய்யுமா என்பது வேறு கேள்வி. சுமார் 5,000 பேர் வாழும் ஊரில் ஒரு தொழிற்சாலையோ உயர்ந்த கட்டடமோ எளிதில் எழ முடியாது. அயலூர் மாணவர் மிதிவண்டியில் மகிழ்ந்து செல்லும் அந்தப் பசுமை தானே அமைந்ததன்று. ஊரார் விட்டுக்கொடுத்தவற்றால் நிற்பது.

மாலையில் மிதிவண்டிகளைத் திருப்பித் தந்துவிட்டு மாணவர் நிலையத்தில் வரிசையாக நிற்பர். வயலில் வேலை செய்தவர் அப்போதுதான் வீடு திரும்பிக்கொண்டிருப்பார். அவர் உழும் நிலத்தடியிலும் அரண்மனையின் தூண்குழிகள் இருக்கலாம். அகழும் முறை வரும்வரை நெல் அங்கு விளைந்துகொண்டிருக்கும்.