வேலையில்லை என்னும் சொல்லின் பல பொருள்கள்

(திருவரங்கம் வட்டாரத்து ஊராட்சி உறுப்பினர்கள், விவசாயிகள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



ஊர்க் கணக்கு எடுக்கும்பொழுது நாம் அடிக்கடி எழுதும் சொல் "வேலையில்லாதவர்" என்பது. எழுதுவதற்கு எளிய சொல்தான். ஆயினும் அந்த ஒரு சொல்லுக்குள் வெவ்வேறு நிலையிலுள்ள பலர் அடங்கியிருக்கின்றனர். நோய் இன்னதென்று அறியாமல் மருந்து கொடுப்பது எவ்வாறு பயன் தராதோ, அவ்வாறே இவர்கள் அனைவருக்கும் ஒரே பரிகாரம் தேடுவதும் பயன் தராது. ஆகையால் இச்சொல்லின் பொருளைச் சற்று ஆராய்வோம்.

"வேலையில்லாத் திண்டாட்டம்" என்று நாம் சேர்த்தே வழங்கி வருகிறோம். வேலை இல்லை என்பது செய்தி; திண்டாட்டம் என்பது அதனால் குடும்பம் படும் பாடு. இச்சொல்லில் இரக்கம் உண்டு. ஆனால் அதே வாயினால், வீட்டிலிருக்கும் இளைஞனைச் "சும்மா இருக்கிறான்" என்றும் கூறிவிடுகிறோம். இதில் இருப்பது பழி. அரசின் வேலைவாய்ப்பு அலுவலகமோ அவனை "வேலைநாடுநர்" என்று பதிவு செய்கிறது. முயற்சியுடையவன் என்பது இதன் கருத்து. ஒரே பிள்ளை காலையில் திருச்சி அலுவலகத்தில் வேலைநாடுநர். மாலையில் சொந்தத் தெருவில் சும்மா இருப்பவன்!

பெயர் மாறினால் கணக்கும் மாறிவிடும் என்பதற்குச் சீன தேசம் தக்க உதாரணம். அங்கே "ஷியே" என்ற சொல்லுக்குத் தொழிலை இழத்தல் என்று பொருள். வேலையின்மை முதலாளித்துவ நாடுகளுக்கே உரியது என்று அந்நாட்டு அரசு கருதிய காலத்தில், நகரத்து இளைஞர்களுக்கு அச்சொல்லை வழங்கவில்லை. "தாய்யே", அதாவது வேலைக்குக் காத்திருத்தல், என்ற பெயரையே வழங்கியது. பின்னர் 1990களில் அரசுத் தொழிற்சாலைகள் ஆட்களைக் குறைத்தபொழுது "ஷியாகாங்" என்ற சொல் பெருவழக்காயிற்று. காவலிடத்தை விட்டு இறங்குதல் என்பது அதன் நேர்பொருள். இரண்டு கோடிக்கும் மேற்பட்டோர் இவ்வாறு இறக்கப்பட்டனர். அவர்கள் பெயர் தொழிற்சாலை ஏட்டில் நீடித்தமையால் வேலையற்றோர் பட்டியலில் ஏறவில்லை. கிராமத்து மக்களோ, நிலம் இருக்கிறது என்ற காரணத்தால், அப்பட்டியலில் நெடுங்காலம் இடமே பெறவில்லை.

நிலம் உடையவன் வேலையற்றவன் ஆகமாட்டான் என்ற எண்ணம் நம்மிடையேயும் இல்லையா? அரைக்காணி நிலத்தில் இருவர் செய்யக்கூடிய வேலையை நால்வர் பகிர்ந்து செய்கின்றனர். நால்வருமே உழவர் என்றுதான் ஏட்டில் எழுதுகிறோம். இருவர் வெளியே சென்றாலும் விளைச்சல் குறையாது. இதையே மறைமுக வேலையின்மை என்று பொருளாதார அறிஞர் கூறுவர்.

அடுத்து, பருவத்தைப் பார்ப்போம். மேட்டூர் அணை ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடப்படுவது வழக்கம். இடைப்பட்ட 135 நாட்களில் ஆற்றுப் பாசனத்தை மட்டும் நம்பிய வயல்களில் நடவும் இல்லை, களையும் இல்லை, அறுவடையும் இல்லை. ஆழ்குழாய்க் கிணறும் வாழைத் தோட்டமும் உள்ள இடங்களில் ஓரளவு வேலை கிடைக்கும். மற்றவர் காத்திருக்க வேண்டியதே. இவர் தொழிலை இழந்தவர் அல்லர். தொழிலுக்குரிய தண்ணீர் வரும் நாளை எதிர்பார்ப்பவர். நடவு நடும் தாய்மாரின் நிலை இன்னும் மோசம். வேலை ஓய்ந்த காலத்தில் அவர்களை "வீட்டு வேலை" என்று எழுதிவிடுகிறோம். கூலி இழந்தவர் என்ற கணக்கிலேயே அவர்கள் வருவதில்லை.

உண்மையாகவே தொழிலை இழந்தவரும் நம்மிடையே உண்டு. திருச்சிச் சுருட்டு ஒரு காலத்தில் கடல் கடந்து புகழ் பெற்றது. செயற்கைக் கற்களுக்குப் பட்டை தீட்டும் தொழில் திருச்சியைச் சுற்றிய கிராமங்களில் குடிசைத் தொழிலாகப் பரவியிருந்தது. இயந்திரத்தில் தீட்டிய கற்கள் வெளிநாட்டிலிருந்து வரத் தொடங்கியபின் அது நலிந்தது. கைத்திறன் குறையவில்லை, அதற்குரிய சந்தையே போய்விட்டது. அத்தகையவர் கையில் மண்வெட்டியைக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடலாகாது.

அரசின் புள்ளிவிவரங்களிலும் இச்சிக்கல் உண்டு. பேராசிரியர் தந்த்வாலா தலைமையில் அமைந்த நிபுணர் குழு, நம் நாட்டின் வேலையின்மையை ஒரே எண்ணால் அளப்பது பொருந்தாது என்று 1970இலேயே தெரிவித்தது. தேசிய மாதிரி ஆய்வின் வாரக் கணக்கு முறையில், ஏழு நாட்களில் ஏதேனும் ஒரு நாளில் ஒரு மணி நேரம் வேலை செய்தவரும் வேலையுடையவரே. ஒரு மணி நேரக் கூலியில் ஒரு வாரம் உலை வைக்க இயலுமா என்பதை அக்கணக்குக் கேட்பதில்லை. ஊராரே கேட்க வேண்டும்.

சொல் ஒன்று உரிமையாக மாறும் விதத்தையும் அறிந்துகொள்வோம். 2005ஆம் ஆண்டின் தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம், கேட்கும் குடும்பத்துக்கு ஆண்டில் 100 நாள் வேலை என்று வகுத்தது. விண்ணப்பித்த 15 நாட்களுக்குள் வேலை தரப்படாவிடில் வேலையின்மைப் படி தரவேண்டும் என்றும் விதித்தது. அந்தப் 15 நாளை எந்த நாளிலிருந்து எண்ணுவது? தேதியிட்ட ஒப்புகைச் சீட்டிலிருந்து. திண்ணையில் அமர்ந்து "வேலையில்லை" என்று நூறு முறை கூறினாலும் அது பேச்சு. எழுதிக் கொடுத்துச் சீட்டுப் பெற்றால் அதுவே கோரிக்கை. சட்டங்கள் மாறலாம், நாட்களின் எண்ணிக்கையும் மாறலாம். இந்தப் பாடம் மாறாது.

ஆகவே நாம் செய்யத்தக்கவை சில உள. முதலாவதாக, ஊர்ப் பட்டியலில் வேலையில்லாதவர் என்ற ஒரே தலைப்பை விடுத்து நான்கு பத்திகள் வகுப்போம்: பருவத்தால் வேலை ஓய்ந்தவர், தொழிலை இழந்தவர், படித்துவிட்டுக் காத்திருப்பவர், நிலமிருந்தும் போதிய வேலை இல்லாதவர். பெண்களின் பெயரைத் தனியே கேட்டு எழுதுவோம். இரண்டாவதாக, அவரவர்க்கு ஏற்ற வழி தேடுவோம். தொழில் இழந்தவருக்கு மாற்றுப் பயிற்சியும் சந்தையும்; படித்தவருக்கு வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவும் தொழிற்பயிற்சியும்; சிறு விவசாயிக்குக் கறவை மாடும் கடனும் உதவும். பருவ வேலையாளுக்கோ வாய்க்காலே வழி காட்டுகிறது. தண்ணீர் நின்ற அதே மாதங்களில்தான் வாய்க்காலைத் தூர்வார முடியும். கைகளும் அப்பொழுதுதான் ஓய்ந்திருக்கின்றன. மூன்றாவதாக, மே முதல் நாள் கூடும் கிராம சபை இந்த ஓய்வுக் காலத்தின் நடுவே வருகிறது. அன்று இப்பட்டியலை உரக்கப் படித்து, விடுபட்ட பெயர்களைச் சேர்ப்போம்.

அன்பர்களே! "சும்மா இருக்கிறான்" என்ற சொல்லை ஊர் ஏட்டிலிருந்தும் பேச்சிலிருந்தும் நீக்குவதற்கு ஒரு காசும் செலவில்லை. அவன் ஏன் வேலையின்றி இருக்கிறான் என்பதை அவ்விடத்தில் எழுதினால், செய்யவேண்டிய பணி இன்னதென்பது நமக்கே தெளிவாகிவிடும். வரும் கோடையிலேயே இதனைத் தொடங்குவோமாக.