ஆலைக் கழிவு யாருக்குச் சொந்தம்?

(கட்சி உறுப்பினர்களுக்கான கல்வி வகுப்பில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

சர்க்கரை ஆலையிலிருந்து வெளிவரும் ஒரு கழிவினை உத்தரப் பிரதேசக் கரும்பு விவசாயிகள் ‘மைலி’ என்று அழைக்கின்றனர். அழுக்கடைந்தது என்பது அதன் பொருள். கரும்புச் சாற்றைச் சுண்ணாம்பிட்டுத் தெளியவைத்து வடிகட்டும்போது தங்கிவிடும் கரிய மண்டியே அது. ஆலை ஆவணங்களில் அதன் பெயர் பிரஸ்மட். 100 டன் கரும்பை அரைத்தால் 3 முதல் 4 டன் பிரஸ்மட் சேரும். நாடு முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 1 கோடி டன். விவசாயிகள் பல இடங்களில் சொற்ப விலைக்கு அள்ளிச்சென்ற இப்பொருள், இன்று ஆலைக்கு இலாபம் ஈட்டும் சரக்காகிவிட்டது. ஆகவேதான், அது யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி எழுகிறது.

விடையைக் கரும்பிலிருந்தே தொடங்க வேண்டும். சர்க்கரை என்பது கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஆகிய மூன்றால் மட்டுமே ஆனது. இவற்றைக் கரும்பு காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் பெறுகிறது. மண்ணிலிருந்து அது உறிஞ்சிய மணிச்சத்தும் சாம்பல்சத்தும் சர்க்கரை மூட்டைக்குள் செல்வதில்லை. ஆலைக்குள் வந்த அச்சத்துகள் பிரஸ்மட்டிலும் கழிவுப்பாகிலும் சக்கைச் சாம்பலிலும் தங்கிவிடுகின்றன. ஆக, ஆலை கழிவு என்று ஒதுக்குவது விவசாயியின் நிலத்து வளமேயாகும்.

முதலாளித்துவ விவசாயம் மனிதனுக்கும் மண்ணுக்கும் இடையிலான வளர்சிதைமாற்றத்தைக் குலைக்கிறது என்று ‘மூலதனம்’ முதல் தொகுதியில் மார்க்ஸ் விளக்கினார். மூன்றாம் தொகுதியில் உற்பத்திக் கழிவுகளைப் பற்றிப் பேசுமிடத்து, நிலத்திற்கு உரமாக வேண்டிய மக்கட்கழிவைப் பெரும் செலவில் தேம்ஸ் ஆற்றில் கலக்கும் இலண்டனைச் சுட்டிக்காட்டினார். இந்தியாவிலும் இதுவே நிகழ்கிறது. 2018 மே மாதம் பஞ்சாபின் பியாஸ் ஆற்றில் ஒரு சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகு கலந்ததில், மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்தன. வயலுக்குத் திரும்பியிருக்க வேண்டிய சத்து, ஆற்றில் நஞ்சாயிற்று.

எனினும், கழிவை அப்படியே வயலில் கொட்டுவது திருப்பித் தருவதாகாது. புதிய பிரஸ்மட்டில் மெழுகு மிகுதி. மட்கும்போது அது கடுஞ்சூட்டை உண்டாக்கி வேரைக் கருக்கும். நீளக் குவியல்களாக அடுக்கி, ஈரம் காத்து, அடிக்கடி புரட்டி, ஒன்றரை இரண்டு மாதம் மட்கவைத்த பின்னரே அது உரமாகும். கழிவுப்பாகிலிருந்து 1 லிட்டர் எரிசாராயம் எடுத்தால் 8 முதல் 15 லிட்டர் வரை வடிப்பாலைக் கழிவுநீர் வெளியேறும். ஆற்றில் விடப்படும் நீரின் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது; இக்கழிவுநீரிலோ அது 40,000-த்தையும் தாண்டும். முதலில் எரிவாயு பிரித்து, பின்பு பிரஸ்மட் குவியலில் அளவறிந்து தெளித்து மட்கவைத்தால் இதுவும் உரமாகும். அவ்வாறின்றி நிலத்தில் விட்டால் கிணற்றுநீர் பழுப்பேறும்.

அரசின் கொள்கை எத்திசையில் செல்கிறது? 2018-இல் தொடங்கிய ‘சதத்’ திட்டத்தின் கீழ் பிரஸ்மட்டிலிருந்து அழுத்தப்பட்ட உயிர்எரிவாயு எடுக்கப்படுகிறது. வாயுவாகப் பிரிவது பெரும்பாலும் கார்பனும் ஹைட்ரஜனுமே; பயிர்ச்சத்துகள் எஞ்சிய குழம்பில் இருக்கும். அக்குழம்பு வயலுக்கு வந்தால் எதிர்ப்பதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. வருகிறதா என்பதே கேள்வி. அடுத்து, வடிப்பாலைக் கழிவுநீரைச் சுண்டவைத்து எரித்து, சாம்பலிலிருந்து பொட்டாஷ் உரம் செய்யப்படுகிறது. 2021-இல் அது உர மானியத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் முழுவதையும் இறக்குமதி செய்யும் நாட்டிற்கு இது தேவையான முயற்சியே. ஆனால், தன் மண்ணிலிருந்து சென்ற சாம்பல்சத்தை விவசாயி மூட்டையாக விலைகொடுத்து வாங்குகிறார். மானியத்தின் பலனோ ஆலைக்கும் சேர்கிறது.

சட்டம் இதனை அறியாததன்று. 1966-ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை, விலை நிர்ணயத்தின்போது கருதவேண்டிய துணைப்பொருட்களாகக் கழிவுப்பாகு, சக்கை, பிரஸ்மட் மூன்றையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. 2012-இல் ரங்கராஜன் குழு, சர்க்கரையுடன் இத்துணைப்பொருட்களின் மதிப்பிலும் 70 விழுக்காடு விவசாயிக்குச் சேரவேண்டும் என்று பரிந்துரைத்தது. ஆலைகள் மீதான கட்டுப்பாடுகளைத் தளர்த்தச் சொன்ன அதே அறிக்கையில் முதலாளிகளுக்கு உகந்தவை விரைந்து நிறைவேறின. இப்பங்கோ மாநில அரசுகளின் விருப்பத்திற்கு விடப்பட்டது. கரும்புக்கு 14 நாட்களுக்குள் பணம் தரவேண்டும் என்ற விதியையே மதிக்காத ஆலைகள், கழிவின் பங்கைத் தாமாகத் தரப்போவதில்லை.

சுத்திகரிப்புக்குச் செலவாகிறதே என்று ஆலை நிர்வாகங்கள் கூறும். மாசுபடுத்தியவர் சுத்திகரிப்பது சட்டக் கடமை. விவசாயிக்குச் செய்யும் சலுகையன்று. ஈரம் மிகுந்த எருவை ஏற்றிச்செல்லும் கூலி அதிகம் என்பது மட்டும் மெய். ஆனால், கரும்பு இறக்கிய டிராக்டர்கள் ஆலை வாசலிலிருந்து வெறும் வண்டியாகவே திரும்புகின்றன.

ஆகவே, கோரிக்கைகள் தெளிவானவை. கரும்பு கொடுத்த அளவுக்கேற்ப மட்கிய எருவோ எரிவாயுக் குழம்போ அடக்கவிலையில் விவசாயிக்குத் தரப்பட வேண்டும். குத்தகை விவசாயிக்கும் அது கிடைக்க வேண்டும். ஒவ்வொரு குவியலின் சத்தளவும் உப்பளவும் கன உலோக அளவும் பரிசோதிக்கப்பட்டு அறிவிக்கப்பட வேண்டும். துணைப்பொருள் வருவாயில் பங்கு சட்டமாக வேண்டும். குவியல் புரட்டுவோரும் தொட்டி கழுவுவோரும் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். கழிவுநீர்த் தொட்டியில் எழும் ஹைட்ரஜன் சல்பைடு நொடியில் உயிர் பறிக்கும். அவர்களுக்குப் பாதுகாப்புக் கருவியும் நிரந்தர வேலையும் வேண்டும். அவர்களை விட்டுவிட்டு விவசாயிக்கு மட்டும் நியாயம் கேட்க இயலாது.

தோழர்களே! கரும்புப் பகுதிக் கிளைகள் இந்த அரைவைப் பருவத்திலேயே பணியைத் தொடங்கலாம். தத்தம் பகுதி ஆலையில் எவ்வளவு பிரஸ்மட் சேர்ந்தது, யாருக்கு, என்ன விலைக்கு விற்கப்பட்டது, வயலுக்கு எவ்வளவு திரும்பியது என்ற கணக்கை எடுங்கள். அக்கணக்குடன் விவசாயியும் ஆலைத் தொழிலாளியும் ஒன்றாக ஆலை வாசலில் நிற்கும்போது, கோரிக்கை போராட்டமாகும்.