மனையும் வீடும்

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2021-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 27-ஆம் நாள் காலை, திருவொற்றியூர் கிராமத் தெருவில் அரிவாக்குளத்துக் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில், 24 வீடுகள் கொண்ட ஓர் அடுக்ககம் சரிந்து மண்மேடாயிற்று. வெடிப்புக் கண்டவுடன் அங்கிருந்தோர் குழந்தை குட்டிகளோடு வெளியேறிவிட்டமையால் ஓருயிரும் போகவில்லை. உயிர் தப்பியது, உடைமை தப்பவில்லை. அந்த அடுக்ககம் கட்டப்பட்ட ஆண்டு 1993. ஆக, அதன் அகவை 28. மூன்று தலைமுறை காண வேண்டிய வீடு ஒரு தலைமுறையையும் முழுதாகக் காணவில்லை.

பழி யாருடையது என்று ஆய்வது இப்பேச்சின் வேலையன்று. வீடிழந்த குடும்பம் ஒவ்வொன்றுக்கும் நூறாயிரம் உரூபாவும் மாற்று வீடும் தருவதாக அரசு அறிவித்தது. ஆயினும், ஏழைக்கென்று கட்டும் வீடு ஏன் இவ்வளவு விரைவில் முதுமையடைகிறது என்னும் வினா அந்த மண்மேட்டிலிருந்து எழுந்தது. அதற்கு விடை காணாமல் அடுத்த அடுக்ககத்தை எழுப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் முகப்பதேயாகும்.

திருவொற்றியூர், பட்டினத்தடிகள் அடங்கிய ஊர். வீடுபேறு ஒன்றையே நாடியவர் அவர். வீடு என்பது விடு என்னும் வினையடியாகப் பிறந்த சொல். பற்றெல்லாம் விட்ட நிலையும் வீடு. உழைத்துக் களைத்தவன் வேலையை விட்டு வந்து தங்கும் இடமும் வீடு. ஒற்றி என்னும் சொல்லோ அடகு என்னும் பொருளும் உடையது. (ஊர்ப்பெயரின் பிறப்புக்கு வேறு கதை சொல்வர், அது இங்கு வேண்டா.) வடசென்னை உழைப்பாளியின் வாழ்வு இவ்விரு சொற்களுக்கும் இடையில்தான் கழிகிறது. முன்பணம் திரட்டி வீட்டை ஒற்றிக்குப் பிடிக்கிறான். குடிக்கூலி ஏறினால் தட்டுமுட்டுகளைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போகிறான்.

இவ்விரு சொற்களோடு மூன்றாவது ஒன்றையும் சேர்த்தெண்ண வேண்டும். அது மனை. வீடு இடியும், மனை இடியாது. தொழிலிடத்துக்கு அணித்தே, குடிநீரும் கழிவுநீர்ப் போக்கும் உடையதாய், குடியிருப்போன் பெயரில் ஆவணமும் உள்ள மனை ஒன்று கிடைத்தால், எளியவன் வீட்டைத் தானே எழுப்பிக்கொள்வான். திட்டமிடுவோர் முதலில் தேட வேண்டியது அம்மனையையே.

இது புதிய கருத்தன்று. சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரில் கடலையொட்டிய மருவூர்ப்பாக்கத்தில்தான் மீன் விற்போரும் உப்பு விற்போரும் கைவினைஞரும் குடியிருந்தனர். செல்வரும் அரசரும் வாழ்ந்தது பட்டினப்பாக்கம். இரண்டும் ஒரே நகரின் இரு பாதிகள். துறைமுகத்தில் உழைப்பவனை நகருக்கு வெளியே கொண்டுபோய் வைக்க வேண்டும் என்று அன்று எவரும் எண்ணியதாகத் தெரியவில்லை. பாக்கம் என்பதே கடற்கரைக் குடியிருப்புக்கு உரிய பழஞ்சொல். எண்ணூரை ஒட்டிய கத்திவாக்கத்தின் பெயரில் அது இன்றும் தேய்ந்து நிற்கிறது.

இனி, அண்மைக் காலத்து வரலாற்றுக்கு வருவோம். தமிழ்நாட்டுக் குடிசை மாற்று வாரியம் 1970-இல் தோன்றியது. அதற்குரிய சட்டம் 1971-இல் வந்தது. குடிசை இருந்த இடத்திலேயே நான்கு தளமாக அடுக்கி, அங்கிருந்தவரையே அதில் குடியமர்த்துவது அன்றைய நெறி. கடலுக்குப் போகிறவன் கடலருகிலேயே இருந்தான். அந்த அளவில் அது நல்ல நெறியே. குறை வேறிடத்தில் இருந்தது. அடுக்ககத்தின் படிக்கட்டும் மேல்தொட்டியும் கழிவுக்குழாயும் பொது. பொதுவென்றால் அவற்றைப் பேணுவோர் யார்? தவணைப் பணம் கட்டியவர்களிலும் பலருக்கு விற்பனை ஆவணம் பல்லாண்டாகக் கைக்கு வரவில்லை. தன்னுடையது என்று உறுதியில்லாத சுவருக்கு எவன் பூச்சுப் பூசுவான்? கடற்கரையில் உப்புக்காற்று ஓயாது வீசும். சிமிட்டிப் பூச்சில் சிறு கீறல் விழுந்தாலும் ஈரமும் உப்பும் உட்புகுந்து உள்ளிருக்கும் இரும்புக் கம்பியைத் துருவேற்றும். துருவேறிய கம்பி பருத்து, தன்னை மூடிய காறையையே வெடிக்கச் செய்யும். கீறலை அன்றே அடைத்தால் நூறு உரூபாவில் முடியும் வேலை, இருபது ஆண்டு விட்டால் கட்டடத்தையே விழுங்கிவிடுகிறது.

2021-இல் அவ்வாரியம் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாறியது. குடிசை போய் வாழ்விடம் வந்தது. நல்ல தமிழ்ச்சொல், வரவேற்போம். ஆனால் வாழ்விடம் வேறு, உறைவிடம் வேறு. உறங்கி எழ இடம் தருவது உறைவிடம். பிழைக்க வழியும் அருகில் இருந்தால்தான் அது வாழ்விடம்.

மனையைக் கொடுத்துப் பார்த்த பட்டறிவும் வடசென்னைக்கு உண்டு. 1977-இல் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய சென்னை நகர வளர்ச்சித் திட்டத்தின்கீழ் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய மூன்றிடங்களில் மனைகள் வகுக்கப்பட்டன. அவற்றுள் கொடுங்கையூர் வடசென்னையைச் சேர்ந்தது. தெருவும் தெருவிளக்கும் குடிநீரும் கழிவுநீர்க் குழாயும் அரசு போட்டது. மனைகளுள் பெரும்பாலானவை மிகச் சிறியவை. சிறியது ஏறத்தாழ 40 சதுர மீட்டர். சிலவற்றில் கழிப்பறை மட்டும் கட்டித் தந்தனர். சிலவற்றில் ஓர் அறையும் சேர்த்தனர். மற்றதை வாங்கியவன் கைக்கு எட்டியபோது கட்டிக்கொள்ள வேண்டியது. இவ்வாண்டு கீற்றுக் கூரை. நான்காண்டு கழித்துக் கல்நார்த் தகடு. மகளுக்கு மணமுடித்த பின் காறைத் தளம். அதன்மேல் குடிக்கூலிக்கு விட ஒரு மாடி. விலையிலும் ஒரு நுட்பம் இருந்தது. பெரிய மனைகளையும் கடை மனைகளையும் சந்தை விலைக்கு விற்று, அந்த ஊதியத்தைக் கொண்டு சிறு மனைகளின் விலையைக் குறைத்தனர். இதனால் ஒரே குடியிருப்பில் எழுத்தரும் கொத்தரும் கடைக்காரரும் அண்டை வீட்டாராயினர்.

குறையே இல்லையா? உண்டு. தொடக்கத்தில் வெறும் பொட்டலாகக் கிடந்தமையால் போக அஞ்சியவர் உண்டு. கடன் நெருக்கடியில் மனையை விற்றுவிட்டுப் போனவரும் உண்டு. சில ஆண்டுகளிலேயே இத்திட்டம் தோற்றது என்று வல்லுநர் சிலர் தீர்ப்பெழுதிவிட்டனர். இருபது ஆண்டுக்குப் பின் உலக வங்கியின் ஆய்வாளர்களே சென்னைக்கும் மும்பைக்கும் மீண்டும் வந்து பார்த்து, பலதர மக்களும் கலந்து வாழும் உயிருள்ள ஊர்களாக அம்மனைகள் வளர்ந்திருப்பதைக் கண்டு, முன்னைய தீர்ப்பை மாற்றி எழுத நேர்ந்தது. மரம் நட்டவன் மறுநாளே கனி தேடினால் அது மரத்தின் குற்றமாகுமா?

ஆனால் அரசு அவ்வழியில் தொடரவில்லை. 2000-ஆம் ஆண்டு முதல் நகரின் ஏழையர் தென்கோடிக்கு அனுப்பப்பட்டனர். துரைப்பாக்கத்தில் எழுந்த குடியிருப்புக்குக் கண்ணகி நகர் என்று பெயர். கண்ணகியும் கடற்கரைப் பட்டினத்தைப் பிரிந்து நெடுந்தொலைவு நடந்தவளே. பெயர் வைத்தவர் இதை எண்ணி வைத்திருக்க மாட்டார். காசிமேட்டிலிருந்து அது 20 கி.மீ.க்கும் மேல். விடியுமுன் மீன் ஏலத்துக்கு நிற்க வேண்டிய பெண்ணுக்கு அங்கிருந்து எந்தப் பேருந்து வரும்? 2004 திசம்பர் 26-இல் ஆழிப்பேரலை அடித்த பின், 2005 மார்ச்சுத் திங்களில் 172-ஆம் எண்ணுள்ள அரசாணை வந்தது. கடலின் உயரலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் இருப்போர் அப்பால் போனால் புதுவீடு; போகாதார் தம் வீட்டைத் தாமே செப்பனிட்டுக்கொள்ளலாம், அரசின் உதவி இல்லை என்றது அது. திருவொற்றியூரை ஒட்டிய எர்ணாவூரில் வீடு பெற்றோர் கடலைக் கைவிடாமல் பிழைத்தனர். தெற்கே போனவருள் பலருக்குத் தொழிலே மாறிற்று.

தொழிலிடத்துக்கு அணித்தே என்றவுடன், ஆலை வாயிலில் என்று பொருள் கொள்ளற்க. 2023 திசம்பரில் மிச்சாங் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகத்தில் பரவி வீடுகளுக்குள்ளும் படிந்தது. அதே திங்கள் 26-ஆம் நாள் இரவு, உரத் தொழிலகம் ஒன்றின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம், சின்னக்குப்பத்து மக்கள் மூச்சுத் திணறித் தெருவுக்கு ஓடினர். நிலமும் சுருங்கி வருகிறது. சென்னைத் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் எழுந்தபின் தெற்கிலிருந்து வந்த மணல் மெரினாவில் தேங்கியது. வடக்கே இராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் கரையைத் தின்றது. தென்னகர் பெற்ற அழகிய மணற்பரப்புக்கு வடகரைக் குப்பங்கள் தம் தெருக்களை விலையாகக் கொடுத்தன. இதை எத்தனை பேர் நினைக்கிறார்கள்!

அங்ஙனமாயின் மனைக்கு நிலம் எங்கே? மூடிய ஆலைகளின் நிலம் இருக்கிறது. அரசுத் துறைகளிடம் முடங்கிக் கிடக்கும் நிலமும் இருக்கிறது. பெரம்பூரில் பின்னி ஆலை நின்ற நிலத்தில் இன்று செல்வர்க்கான உயர் அடுக்ககங்கள் நிற்கின்றன. 2021 பிப்பிரவரியில் மெட்ரோ தொடர்வண்டி விம்கோ நகர் வரை வந்தது. வண்டி வந்தால் மனைவிலை ஏறும்; அதன்பின் ஏழைக்கு நிலம் தேடுவது மழை விட்டபின் குடை தேடுவது. 2008-இல் வந்த இரண்டாம் முதன்மைத் திட்டத்தில், ஓர் எக்டேருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலைகள் நீங்கலாக 10 விழுக்காடு நலிந்தோர்க்கு என்று ஒரு விதி உண்டு. நல்ல விதி. ஆயின் நிலத்தை ஓர் எக்டேருக்குக் குறைவாகத் துண்டு போட்டால் அது தொடாது. துண்டு போடத் தெரியாத நிலவணிகன் உண்டோ?

இராயபுரம் போன்ற நெரிசலான இடத்தில் அடுக்ககம்தான் வழி என்பதை மறுப்பதற்கில்லை. பழைய அடுக்ககங்களை இடித்து அதே இடத்தில் மீளக் கட்டுவதும் சரியே. ஆனால் இடைக்காலத்தில் வெளியே தங்கும் குடும்பத்துக்குத் தரும் தொகை 8,000 உரூபாவிலிருந்து 24,000 ஆயிற்று. கட்டி முடிக்க ஒன்றரை ஆண்டு என்று கொண்டாலும் திங்களுக்கு 1,333 உரூபா. அந்தக் குடிக்கூலிக்குத் திருவொற்றியூரில் என்ன கிடைக்கும் என்பதை அவ்வூர்த் தெருக்களில் ஒருநாள் கேட்டு அலைந்தவர் அறிவர்.

ஆகவே வெளியேறும் முன்னரே குடும்பத்தார் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டியவை சில உள. திரும்பி வரும் வீட்டுக்குப் பெயரோடு கூடிய ஒதுக்கீட்டு ஆணை. விற்பனை ஆவணம் கைக்கு வரும் நாள். பேணுதொகை சேரும் கணக்கும், அதைப் பார்க்கும் உரிமையும். ஆணையை மனைவியின் பெயரில் கேட்பது நலம். மனையை உடையவள் என்பதே அச்சொல்லின் பொருள். ஆவணத்தைக் கொண்டுபோய் ஒற்றி வைத்துக் குடித்துவிடும் ஆண்களும் அத்தெருக்களில் இல்லாமல் இல்லை.